சுவிசேஷம் சொல்வதற்கு முன் ஜெபம், சொல்லும்போது தெளிவு: ஒரு முழுமையான வழிகாட்டி

சிறைக்காவலில் இருக்கிற ஒருவர் வெளியே இருப்பவர்களுக்கு ஜெபக்குறிப்பு எழுதி அனுப்பினால் முதலில் என்ன கேட்பார்? விடுதலை, உடல்நலம், வழக்கில் நல்ல தீர்ப்பு. நாமாக இருந்தால் இப்படித்தான் கேட்போம், அதில் தப்பும் இல்லை. ஆனால் அப்போஸ்தலன் பவுல் சிறைக்காவலில் இருந்துகொண்டே கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தில் (4:2-6) கேட்பது வேறு. வசனம் செல்வதற்கு ஒரு வாசல் திறக்க வேண்டும், பேசவேண்டிய விதமாகப் பேசி நான் அதை வெளிப்படுத்த வேண்டும், இந்த இரண்டுக்காகவும் ஜெபியுங்கள் என்கிறார். அதற்குள் அவர் பல பட்டணங்களில் பிரசங்கித்து, சபைகளை ஏற்படுத்தி, அதிபதிகளுக்கு முன்னால் எல்லாம் நின்று பேசிவிட்டவர். அப்படிப்பட்டவருக்கே தெளிவாகச் சொல்வதற்கு மற்றவர்களின் ஜெபம் தேவைப்பட்டிருக்கிறது.

நம் சபைகளில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். இராத்திரி முழுக்க முழங்காலில் நிற்பார்கள், ஆனால் பக்கத்து மேசைக்காரர் "நீங்கள் என்னதான் நம்புகிறீர்கள்?" என்று கேட்டால் இரண்டு நிமிஷம் கோர்வையாகச் சொல்ல வராது. இன்னொரு வகையினர் பயிற்சி வகுப்புக்குப் போய், நாலு குறிப்பு, ஆறு வசனம் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருப்பார்கள், யாரிடம் சொல்கிறார்களோ அவருக்காக ஒரு நாளும் பெயர் சொல்லி ஜெபித்திருக்க மாட்டார்கள். இந்த வழிகாட்டி இரண்டு பேருக்கும்தான். என் எண்ணம் என்னவென்றால், ஒருவருக்காகத் தினமும் ஜெபிக்கும்போது அவரைப் பற்றி நிஜமாகவே யோசிக்க ஆரம்பிக்கிறோம், அவருக்கு எது புரியும், எது வலிக்கும், எங்கே தடுக்கும் என்பதெல்லாம் அங்கேதான் மனதில் வருகிறது. அதனால் ஜெபத்தையும் பேச்சையும் தனித்தனி வேலையாகப் பிரிக்காமல் வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: பெயர்களை எழுதுங்கள்

"ஆண்டவரே, எல்லா ஆத்துமாக்களையும் இரட்சியும்" என்ற ஜெபம் நல்ல ஜெபம்தான், ஆனால் அதை ஜெபித்துவிட்டு நாளைக்கு யாரிடம் போய்ப் பேசுவது என்று யாருக்கும் தெரியாது. ஒரு சின்ன நோட்டிலோ போனிலோ மூன்று முதல் ஐந்து பெயர்களை எழுதுங்கள். உங்களுக்கு நிஜமாகப் பழக்கம் உள்ளவர்களாக இருக்கட்டும்: வீட்டில் ஒருவர், வேலை இடத்தில் ஒருவர், பழைய நண்பர் ஒருவர் என்று. ஐம்பது பெயர் எழுதினால் ஒரு வாரத்தில் பட்டியலை மட்டும் வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர் 1844 நவம்பரில் ஐந்து பேருக்காகத் தினமும் ஜெபிக்கத் தொடங்கினார். முதல் ஆள் மனம் திரும்ப 18 மாதம் ஆனது. அப்புறம் ஐந்து வருஷம் கழித்து இரண்டாவது ஆள், அதற்கும் ஆறு வருஷம் கழித்து மூன்றாவது ஆள். மற்ற இருவருக்காக 36 வருஷம் கழிந்த பிறகும் தான் ஜெபித்துக்கொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக அன்றாடம் ஜெபித்துப் பதில் பெற்றவர் என்று பேர் வாங்கிய ஆளுக்கே இந்தக் கணக்கு என்றால், மூன்று மாதத்தில் "ஒன்றும் நடக்கவில்லை" என்று பட்டியலைக் கிழிக்காதீர்கள்.

இடையில் ஒரு விஷயம். இந்தப் பட்டியல் உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கட்டும். "என் சிநேகிதி வீட்டில் பிரச்சினை, புருஷன் குடிக்கிறார், ஜெபியுங்கள்" என்று வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் பெயரோடு போட்டுவிட்டு, அது சுற்றிச் சுற்றி அவர் காதுக்கே போய்ச் சேர்ந்தால் அவர் உங்களிடம் மறுபடி எதையும் மனம் விட்டுச் சொல்ல மாட்டார். மற்றவர்களிடம் ஜெபிக்கக் கேட்க வேண்டுமானால் பெயரையும் விவரத்தையும் விட்டுவிட்டுக் கேளுங்கள்.

படி 2: எதற்காக ஜெபிப்பது என்று தெரிந்து ஜெபியுங்கள்

பெரும்பாலானவர்கள் "அவரை இரட்சியும்" என்ற ஒரே வரியில் நின்றுவிடுகிறார்கள். வேதாகமத்தில் இன்னும் நிறைய இருக்கிறது.

முதலில் அந்த ஆளின் இருதயம். பிலிப்பி பட்டணத்தில் ஆற்றோரம் கூடியிருந்த பெண்களிடம் பவுல் பேசினார், அவர்களில் இரத்தாம்பரம் (விலையுயர்ந்த ஊதாத் துணி) விற்கிற லீதியாள் கவனித்துக் கேட்கும்படி கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார் என்று அப்போஸ்தலர் 16:14 சொல்கிறது. பேசியது பவுல், திறந்தது கர்த்தர். நாம் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் செய்ய முடியாத வேலை அது, ஆகவே அதைக் கேட்டு வாங்க வேண்டும். இதோடு அந்த ஆளின் சாதாரணத் தேவைகளையும் சேர்த்து ஜெபியுங்கள்: அம்மாவின் ஆபரேஷன், பிள்ளையின் பரீட்சை, வேலை. மனம் திரும்பினால்தான் அவருடைய மற்றக் கவலைகள் உங்களுக்குக் கண்ணில் படும் என்றால், நீங்கள் அவரை நேசிக்கவில்லை, எண்ணிக்கையில் ஒன்றாகப் பார்க்கிறீர்கள்.

அடுத்தது வாசல். பேச ஒரு சந்தர்ப்பம் இயல்பாக வர வேண்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் வாசல் திறந்தது தெரியாது. அதனால்தான் அதே இடத்தில் பவுல் ஜெபத்தில் விழித்திருக்கச் சொல்கிறார், ஸ்தோத்திரத்தோடு. "நீங்கள் எப்படி இவ்வளவு நிதானமாக இருக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் அது வாசல். துக்க வீட்டில் "செத்த பிறகு என்னதான் இருக்கிறது?" என்று ஒருவர் தனக்குள் பேசுவது போலக் கேட்டால் அதுவும் வாசல்தான்.

மூன்றாவது, நீங்கள். எபேசியர் 6:19-20-ல் பவுல் தனக்கு வார்த்தை கொடுக்கப்பட வேண்டும், தைரியமாகச் சொல்ல வேண்டும் என்று ஜெபிக்கச் சொல்கிறார், கொலோசெயரில் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிறார். நாம் தைரியத்தை மட்டும் கேட்கிறோம். தைரியம் வந்து தெளிவு வராவிட்டால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் யாராவது ஒருவர் எழுந்து நின்று கத்தும்போது மற்றப் பயணிகளின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

ஒரு மாதிரி வேண்டுமானால் இப்படி ஜெபிக்கலாம்: "ஆண்டவரே, இவருக்காக வருகிறேன். இவர் வீட்டுப் பாரம் உமக்குத் தெரியும், அதில் உதவி செய்யும். உம்மைப் பற்றி இவர் மனதில் இருக்கிற தவறான எண்ணங்களை நீக்கும். பேச நேரம் கொடும். அந்த நேரத்தில் நான் அதிகமாகப் பேசாமல், இவருக்குப் புரிகிற வார்த்தையில் பேச உதவி செய்யும். என் நடத்தையில் இவருக்கு இடறலாக இருப்பதை எனக்குக் காட்டும்." கடைசி வரியை விடாதீர்கள். பல நேரம் பதில் முதலில் அங்கேதான் வரும், கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கும்.

ஜெபத்தைச் சாக்காக வைத்து ஒளிந்துகொள்ளவும் முடியும். "இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்று நாலு வருஷமாகச் சொல்கிறவர்கள் யாத்திராகமம் 14:15-ஐ ஒரு தடவை வாசியுங்கள். செங்கடலுக்கு முன்னால் மோசேயிடம் கர்த்தர், ஏன் என்னிடம் முறையிடுகிறாய், புறப்பட்டுப் போகச் சொல் என்கிறார்.

படி 3: சொல்லப்போவது உங்களுக்கே தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்

இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சுவிசேஷம் என்றால் என்ன என்று ஐந்தாறு வாக்கியத்தில் எழுதுங்கள். சபைக்கே வராத ஒருவர் வாசித்தால் புரிய வேண்டும், அகராதி தேவைப்படக்கூடாது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும் எவ்வளவு கஷ்டம் என்று.

அடிப்படை என்ன என்பதைப் பவுல் 1 கொரிந்தியர் 15:3-4-ல் சுருக்கமாக வைத்திருக்கிறார்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், இது வேதவாக்கியங்களின்படி நடந்தது. இந்த மையம் விட்டுப்போனால் மீதி என்ன சொன்னாலும் அது நல்லொழுக்க அறிவுரையாக முடியும். "இயேசுவிடம் வந்தால் நிம்மதி கிடைக்கும்" என்று மட்டும் சொல்லி முடிக்கிறோமே, நிம்மதி யோகாவில் கிடைக்கிறது என்று எதிரில் இருப்பவர் சொன்னால் அடுத்து என்ன சொல்வீர்கள்?

நான் எழுதினால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

"நம்மை உண்டாக்கிய கடவுள் இருக்கிறார், அவர் நம்மை நேசிக்கிறார். நாமோ அவரை ஒதுக்கிவிட்டு நம் இஷ்டப்படி வாழ்கிறோம். பொய், பொறாமை, சுயநலம், அடுத்தவரைக் காயப்படுத்துவது எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. நல்ல காரியங்கள் செய்து அந்தக் கணக்கை நம்மால் நேர் செய்ய முடியவில்லை. ஆகவே கடவுளின் மகனாகிய இயேசு மனிதராக வந்தார், நம் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு சிலுவையில் இறந்தார், மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார். நாம் மனம் மாறி அவரை நம்பினால் கடவுள் நம்மை மன்னித்துத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறார். நாம் சம்பாதித்து வாங்குவது இல்லை இது, அவராகவே தருவது."

இதை அப்படியே மனப்பாடம் பண்ணாதீர்கள், உங்கள் வாய்க்கு வருகிற மாதிரி நீங்களே எழுதுங்கள்.

எழுதிய பிறகு சபைப் பேச்சு எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். "இரட்சிக்கப்பட்டேன்", "இரத்தத்தால் கழுவப்பட்டேன்", "ஆண்டவர் என்னைத் தொட்டார்", "அபிஷேகத்தில் நிறைந்தேன்", "உலகத்துக்கு மரித்தேன்". நமக்கு இதெல்லாம் வீட்டுப் பேச்சு. கேட்கிறவருக்கு ஒன்று புரியாது, இல்லாவிட்டால் பயமாக இருக்கும். இரத்தத்தால் கழுவுவது என்பதை முதல் தடவை கேட்கிறவர் மனதில் என்ன படம் வரும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். இந்த வார்த்தைகளுக்குள் இருக்கும் உண்மையை விடச் சொல்லவில்லை. "கடவுள் என்னை மன்னித்தார், குற்ற உணர்விலிருந்து விடுபட்டேன்" என்று முதலில் சொல்லுங்கள், பழக்கம் வந்த பிறகு வேத வார்த்தையை அறிமுகப்படுத்தலாம். "உலகத்தார்", "புறஜாதியார்" என்கிற இரண்டையும் மட்டும் எதிரில் இருப்பவர் முன்னால் எடுக்கவே எடுக்காதீர்கள். தன்னைத்தான் சொல்கிறீர்கள் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பரிசோதிக்க ஒரு சுலபமான வழி: சபைக்கு வராத, உங்களிடம் கூச்சமில்லாமல் பேசுகிற ஒருவரிடம், "இது புரிகிறதா என்று மட்டும் சொல்லு" என்று வாசித்துக் காட்டுங்கள். வாதம் வேண்டாம், எந்த வரியில் முகம் சுருங்குகிறது என்று பாருங்கள். அந்த வரியைத் திருத்துங்கள். திருத்தும்போதே அந்த ஆளுக்காகவும் ஒரு வார்த்தை ஜெபித்துக்கொள்ளலாம்.

படி 4: உங்கள் சாட்சியைச் சுருக்குங்கள்

அப்போஸ்தலர் 26-ல் அகிரிப்பா ராஜாவுக்கு முன்னால் பவுல் பேசுவதை எடுத்துப் பாருங்கள். முன்பு எப்படி இருந்தேன், தமஸ்குவுக்குப் போகும் வழியில் என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன செய்கிறேன். இந்த மூன்றுதான். நீங்களும் இதே வரிசையில் மூன்று நிமிஷத்துக்குள் சொல்லிப் பழகுங்கள், போனில் பதிவு பண்ணிக் கேட்டால் எங்கே இழுக்கிறீர்கள் என்று நன்றாகத் தெரியும்.

பவுலுடைய கதை போல நம் எல்லாருக்கும் இருக்காது. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது, அவருக்குப் பவுலைப் போல வானத்திலிருந்து வந்த வெளிச்சமும் இல்லை, குதிரையிலிருந்து விழுந்ததும் இல்லை (பவுலுக்கும் குதிரை கிடையாது, அது ஓவியர்கள் சேர்த்தது, வேதத்தில் தரையில் விழுந்தார் என்றுதான் இருக்கிறது). சின்ன வயதிலிருந்தே சபையில் வளர்ந்தவர் என்றால், எப்போது அது அப்பா அம்மாவின் நம்பிக்கையாக இல்லாமல் உங்களுடையதாக ஆனது என்று சொல்லுங்கள், போதும். பழைய பாவங்களை மசாலா போட்டு ஊதிப் பெரிதாக்க வேண்டாம். "அன்றிலிருந்து எனக்குக் கவலையே இல்லை" என்றும் சொல்ல வேண்டாம், உங்கள் கவலைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவரிடம்தான் இதைச் சொல்கிறீர்கள்.

யோவான் 9-ல் பார்வை பெற்ற மனிதனைப் பரிசேயர் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். இயேசு பாவியா இல்லையா என்று கேட்டதற்கு அவன், அது எனக்குத் தெரியாது, நான் குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், இது ஒன்றுதான் தெரியும் என்றான். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டான். சாட்சிக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 5: வாயைத் திறப்பதற்கு முன் காதைத் திறங்கள்

எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிப்போய்ச் சேர்ந்தவுடனே பிரசங்கம் தொடங்கவில்லை. முதலில் அவர் வாசிப்பதைக் கேட்டார், அப்புறம் வாசிப்பது புரிகிறதா என்று ஒரு கேள்வி கேட்டார், அந்த வேதவாக்கியத்திலிருந்தே தொடங்கி இயேசுவைப் பற்றிச் சொன்னார் (அப்போஸ்தலர் 8:30-35). சமாரியப் பெண்ணிடம் இயேசு பேச்சைத் தொடங்கியது, குடிக்கத் தண்ணீர் கேட்டு.

கேட்கக்கூடிய கேள்விகள் சில: "கடவுளைப் பற்றி உங்களுக்குச் சின்ன வயதில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?" "ஜெபம் பண்ணுவீர்களா, எந்த மாதிரி நேரத்தில்?" "கிறிஸ்தவர்களைப் பற்றி உங்கள் அனுபவம் எப்படி?" இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதில் சில நேரம் காரமாக இருக்கும். குறுக்கே பேசி நியாயப்படுத்தாமல் கேளுங்கள். அவரை யாரோ ஒரு விசுவாசி ஏமாற்றியிருக்கலாம், அதற்கு "எல்லாரும் அப்படி இல்லை" என்பது பதில் ஆகாது. "அது தப்புதான், அப்படி நடந்திருக்கக் கூடாது" என்பது பதில்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஜெபிக்கலாம். பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியா இதில் நல்ல உதாரணம். எருசலேமின் மதில் இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்டு, கிஸ்லேயு மாதத்திலிருந்து நிசான் மாதம் வரை, சுமார் நாலு மாதம், உபவாசித்து ஜெபிக்கிறார். ராஜா ஒரு நாள் "நீ கேட்கிறது என்ன?" என்றவுடன் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு கண நேர ஜெபம், பிறகு பதில். அந்தப் பதிலில் குழப்பமே கிடையாது: எங்கே போக வேண்டும், எவ்வளவு காலம், எந்த அதிபதிகளுக்குக் கடிதம், வனக் காவலாளனாகிய ஆசாப்பிடமிருந்து எதற்கெல்லாம் மரம், எல்லாம் தயாராக இருக்கிறது. அந்த நாலு மாதமும் அவர் அழுதது மட்டும் இல்லை, திட்டமும் போட்டிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். நமக்கும் பேச்சின் நடுவில் "ஆண்டவரே, இப்போது என்ன சொல்ல?" என்று கேட்க ஒரு நொடி போதும், அதற்கு முன்னால் நாலு மாதம் ஜெபித்திருந்தால்.

படி 6: பேசும்போது

அனுமதி கேளுங்கள். "என் நம்பிக்கையைப் பற்றி இரண்டு நிமிஷம் சொல்லட்டுமா?" என்று கேட்டால் பாதிப் பேர் சரி என்பார்கள், வேண்டாம் என்கிறவர்களை விட்டுவிடலாம், உங்களைப் பற்றிய மரியாதையாவது மிஞ்சும்.

ஆளுக்குத் தகுந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். பிசீதியாவின் அந்தியோகியாவில் ஜெப ஆலயத்தில் பேசும்போது பவுல் எகிப்திலிருந்து புறப்பட்டது, தாவீது என்று இஸ்ரவேலின் சரித்திரத்தை எடுத்தார், ஏனென்றால் கேட்டவர்களுக்கு அது தெரியும். அத்தேனேயில் அதை எடுக்கவே இல்லை. "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதியிருந்த அவர்களுடைய பலிபீடத்திலிருந்து தொடங்கி, அவர்களுடைய கவிஞர்களின் வரியையே எடுத்துச் சொன்னார். இரண்டு இடத்திலும் உயிர்த்தெழுதலில்தான் வந்து முடித்தார் என்பதையும் கவனியுங்கள். தொடக்கம் மாறும், சேர வேண்டிய இடம் மாறாது.

அடுத்தவர் வழிபடுவதைத் தாக்காதீர்கள். எபேசுவில் பவுல் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்து போதித்தார், ஊரே கலங்கியது, கலகம் வந்தது. அப்போதும் அந்தப் பட்டணத்துச் சம்பிரதி (நகர நிர்வாக அதிகாரி) கூட்டத்துக்கு முன்னால், இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் இல்லை என்று சொல்ல முடிந்தது (அப்போஸ்தலர் 19:37). எதிர்த்தரப்பு அதிகாரி கொடுத்த நற்சான்று இது. நம்மைப் பற்றி அக்கம்பக்கத்தார் இப்படிச் சொல்வார்களா?

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வசனம் போதும். பதினைந்து வசனத்தைக் கொட்டினால் ஒன்றும் தங்காது. நடுவில் நிறுத்தி, "புரிகிறதா?" என்று கேட்பதை விட, "நான் சொன்னதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். இரண்டாவதுக்கு அவர்கள் சொல்லும் பதிலில், "அப்படியென்றால் நல்லவனாக இருந்தால் கடவுள் ஏற்றுக்கொள்வார், சரிதானே?" என்று நீங்கள் சொன்னதற்கு நேர் எதிராக ஏதாவது வந்தால், எங்கே குழப்பினீர்கள் என்று தெரிந்துவிடும்.

எழுத்தில் பகிர்கிறவர்கள், அதாவது குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் வழியாகப் பேசுகிறவர்கள், பூப்படம் போட்ட வசன அட்டைகளைத் தினமும் காலையில் தள்ளிவிடுவதை நிறுத்திவிட்டு, மாதம் ஒரு தடவை அந்த ஆளை நினைத்து நாலு வரி சொந்தமாக எழுதினால் நல்லது. அட்டையை யாரும் திறப்பதில்லை.

படி 7: "உங்களுக்காக ஜெபிக்கலாமா?"

ஜெபமும் தெளிவும் ஒரே இடத்தில் சேர்வது இங்கேதான். நம்பிக்கை இல்லாதவர்கள்கூடக் கஷ்ட நேரத்தில் இந்தக் கேள்வியை மறுப்பது குறைவு. ஆனால் எப்படி ஜெபிக்கிறோம் என்பது முக்கியம்.

எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். இங்கேயே ஜெபிக்கவா, வீட்டில் போய் ஜெபிக்கவா என்றும் கேளுங்கள். இங்கேயே என்றால் சாதாரணக் குரலில், அவர் சொன்ன காரியத்தை அவர் சொன்ன வார்த்தையிலேயே, ஒரு நிமிஷத்துக்குள் முடியுங்கள். கேட்காமல் தலையில் கை வைக்காதீர்கள். சத்தம் போட வேண்டியதில்லை, அலப்ப வேண்டாம் என்று மத்தேயு 6:7-ல் இயேசுவே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று, ஜெபத்துக்குள் பிரசங்கத்தை ஒளித்து வைக்காதீர்கள். "ஆண்டவரே, இந்தச் சகோதரர் பாவத்தில் இருக்கிறார், உம்மை ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று இவருக்குக் காட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது கடவுளிடம் பேசுவதே இல்லை, பதில் சொல்ல முடியாத நிலையில் அவரை உட்காரவைத்து அவரிடம் பேசுவது. அதே மாதிரி "கண்டிப்பாகக் குணமாகிவிடும்" என்று வாக்குக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்வதற்கு அறவே இல்லை. ஜெபித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து "அம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்று மறக்காமல் விசாரியுங்கள். நிறையப் பேர் ஜெபிக்கிறார்கள், விசாரிப்பவர்கள் குறைவு.

படி 8: கடினமான கேள்விகள் வந்தால்

நல்ல கடவுள் இருந்தால் குழந்தைகள் ஏன் சாகிறார்கள், இயேசு மட்டும்தான் வழி என்பது ஆணவம் இல்லையா, இவ்வளவு சபைப் பிரிவுகள் ஏன். இவை எல்லாம் வரும். 1 பேதுரு 3:15 பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது, கூடவே சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்று அளவும் கொடுக்கிறது. இரண்டு மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே படித்து வையுங்கள். தெரியாவிட்டால் "தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே விசாரித்துச் சொல்லுங்கள், அடுத்த சந்திப்புக்கு அதுவே காரணமாகிவிடும். துக்கத்தில் கேட்கப்படும் கேள்விக்கு விளக்கம் கொடுக்கவே வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்.

படி 9: தாண்டக்கூடாத எல்லைகள்

இதில் விவாதமே இல்லை. உதவியைத் தூண்டிலாக வைக்கக்கூடாது, வராவிட்டாலும் உதவி தொடர வேண்டும். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் போகக்கூடாது. உங்களுக்குக் கீழே வேலை செய்பவர், உங்களிடம் சிகிச்சை பெறுபவர், உங்களிடம் கடன் வாங்கியவர் ஆகியோரால் உங்களிடம் "வேண்டாம்" என்று சுதந்திரமாகச் சொல்ல முடியாது, ஆகவே அங்கே அவர்களாகக் கேட்டால் தவிரத் தொடங்காதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். யாரையும் பயமுறுத்தி முடிவெடுக்க வைக்காதீர்கள்.

படி 10: பேசி முடித்த பிறகு

அத்தேனேயில் மூன்று விதமான பதில் வந்தது: சிலர் பரியாசம்பண்ணினார்கள், சிலர் இன்னொரு வேளை கேட்போம் என்றார்கள், தியொனீசியு, தாமரி முதலான சிலர் விசுவாசித்தார்கள். உங்களுக்கும் இந்த மூன்றும் வரும்.

பரியாசம் வந்தால் நட்பை விடாதீர்கள், பேச்சை மட்டும் கொஞ்ச நாள் விடுங்கள். இரண்டாவது பதிலை அவசரப்படுத்தாதீர்கள், "எப்போது பேசலாம்?" என்று வாரா வாரம் கேட்டால் உங்களைப் பார்த்தாலே வேறு தெருவில் போவார். நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார் என்று பவுல் எழுதியது (1 கொரிந்தியர் 3:6) இந்த நேரத்துக்கு உதவும். உங்களுக்குப் பிறகு வேறு யாராவது வந்து அறுவடை செய்தால் பொறாமைப்படாமல் இருக்கவும் உதவும்.

அவர் "நானும் நம்ப விரும்புகிறேன்" என்றால், எதை நம்புகிறார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். புரிந்திருந்தால், ஜெபத்தை நீங்கள் வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பதை விட, அவருக்குத் தெரிந்த வார்த்தையில் அவரே கடவுளிடம் பேசட்டும், திக்கித் திணறினாலும் பரவாயில்லை. படிக்க மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள், நாலு சுவிசேஷங்களில் அதுதான் சின்னது, 16 அதிகாரம்தான். வாரம் ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்து ஒரு பகுதியை வாசித்து, இயேசுவைப் பற்றி இதில் என்ன தெரிகிறது, என்ன புரியவில்லை, இதை வைத்து இந்த வாரம் என்ன செய்யலாம் என்று மூன்று கேள்வி கேட்டால் பாடத்திட்டமே தேவையில்லை. வீட்டில் இதை எப்படி, எப்போது சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் தள்ளாதீர்கள். ஞானஸ்நானம் பற்றி அவரே போதகரிடம் உட்கார்ந்து பேசட்டும்.

பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிடாதீர்கள். கொலோசெ சபைக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுபோனது எப்பாப்பிரா. பவுலின் முகத்தை அந்தச் சபையில் பலர் பார்த்ததுகூட இல்லை. அதே எப்பாப்பிரா பிற்பாடு பவுலோடு இருந்த காலத்திலும், அவர்கள் தேறினவர்களாக நிலைநிற்க வேண்டும் என்று ஜெபத்தில் போராடிக்கொண்டே இருந்ததாகக் கொலோசெயர் 4:12 சொல்கிறது. ஆகவே பெயர் அப்படியே இருக்கட்டும், அதற்கு எதிரே எழுதியிருக்கும் ஜெபக்குறிப்பை மட்டும் மாற்றி எழுதுங்கள்: வாசிப்பில் நிலைத்திருக்க, வீட்டாரின் கோபத்தைப் பொறுமையாகச் சந்திக்க, சபையில் ஒரு நல்ல நண்பர் கிடைக்க. பட்டியலில் அடுத்த பெயருக்கும் இன்றைக்கே ஒரு போன் பண்ணிவிடுங்கள், சும்மா நலம் விசாரிக்க.